மாமாவுக்கு ஒரு நேர்முக வர்ணனை

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடும்; சத்தம் மட்டும் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் இரவு வேலைக்குப் போகிற அப்பா, அந்த நேரத்தில் பக்கத்து அறையில் படுத்திருப்பார். சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் மரியாதை பெற்றது அவருடைய நித்திரைதான். அம்மா சம்பலுக்குக் கிரைண்டர் போடுவதுகூட அவர் எழும்பிய பிறகுதான்.

அந்த வருடம் அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மாமா சரியான கிரிக்கெட் பைத்தியம். இந்த நாட்டில் கிரிக்கெட் காட்டமாட்டார்கள் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போனார். சனல் சனலாகத் தேடி, கடைசியில் பந்தைக் கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்கக் கால்பந்தில் வந்து நின்றார். கால்பந்து என்று பெயரை வைத்துவிட்டுக் கையால் விளையாடுகிறவர்கள் மீது அவருக்கு ஒரு தனிப் பிரியம். விளையாட்டுத்தான் விளங்கவில்லை, ஜெர்மனும் தெரியாது. வர்ணனையாளர்கள் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் திக்கும். பள்ளியில் நான் வாயே திறப்பதில்லை. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு 'ரெஃபராட்' பேசத்தான் வேண்டும், எதைப் பற்றி என்றாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். நான் நன்றாகப் பேச வேண்டும் என்று அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வர வேண்டும் என்று நானும் அதே சாமியைக் கும்பிட்டேன்.

ஞாயிறுகளில் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, கேட்டதை மாமாவுக்குக் குசுகுசுப்பேன். பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் கத்துவார், மற்றவர் விளக்குவார். ஜெர்மன்காரர் பலருக்கும் அது புது விளையாட்டு என்பதால், போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் அலுக்காமல் சொல்வார்கள். வாய் தடுமாறினால் தாங்களே சிரித்துவிட்டு, வசனத்தை முதலிலிருந்து தொடங்குவார்கள். பெரிய மனிதர்கள் இப்படியும் பேசலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"பத்து யார்ட் போக நாலு தரம்தான் விடுவினம், மாமா."

"நாலோ? ஓவருக்கு ஆறு பந்தெல்லோ? இது அநியாயம், பிள்ளை!"

ஒவ்வொரு வாரமும் இதே சண்டை. அந்த இரண்டு பந்தை மாமா விட்டுக்கொடுக்கவே இல்லை. குசுகுசுக்கும்போது எனக்குத் திக்காது என்பதை அவர் கவனித்தாரோ என்னவோ, ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ரெஃபராட்டுக்கு முதல் நாளும் ஞாயிறுதான். காய்ச்சல் வரவில்லை. வழக்கம்போல ஸ்பீக்கரோடு ஒட்டியிருந்தேன். தோற்றுக்கொண்டிருந்த அணியில் ஒருவன் எதிராளி எறிந்த பந்தை நடுவில் பறித்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். நான் என்னை மறந்து எழுந்துவிட்டேன்.

"மாமா, பறிச்சிட்டான்! ஓடுறான், ஒருத்தராலையும் பிடிக்க ஏலாது, கடைசிக் கோட்டைத் தாண்டிட்டான், டச்டவுன், மாமா, டச்டவுன்!"

வீடு அதிரக் கத்தியிருக்கிறேன். ஒரு சொல்லும் திக்கவில்லை.

அறைக் கதவு திறந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். மாமா ரிமோட்டைக் குஷனுக்குக் கீழே ஒளித்தார். அதை ஏன் ஒளித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்பா சிவந்த கண்களோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மெதுவாக வந்து என் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"ஆர் ஓடினது? திருப்பி ஒருக்கால் சொல்லு பிள்ளை."

சொன்னேன். "அதுக்குப் பிறகு?" என்றார். அதுக்குப் பிறகும் சொன்னேன். வேலைக்குப் போகும் நேரம்வரை அவர் திரும்பிப் போய்ப் படுக்கவில்லை. அப்பாவுக்கும் இந்த விளையாட்டு பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் வகுப்பில் அந்த விளையாட்டைப் பற்றியே பேசினேன். திக்காமல் இல்லை. திக்கிய இடத்தில் சிரித்துவிட்டு, அந்த இருவரையும் போல வசனத்தை முதலிலிருந்து தொடங்கினேன். முடிக்கும்வரை நின்றேன். என்னைத் தெரியாத அந்த இரண்டு குரல்களுக்கும், விளங்காத விளையாட்டை விடாமல் பார்த்த மாமாவுக்கும் இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறுகளில் அப்பா பாதி நித்திரையில் எழும்பி வந்து எங்களோடு இருந்தார். பிறகு போய் விடியும்வரை பெட்டி தூக்கினார்.

இப்போது அவருக்குப் பகல் வேலை. போன மாதம் வீட்டுக்குப் போனபோது, அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து ஒரு ஆட்டத்தைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "ஏன் பிள்ளை உவங்கள் ஆளையாள் தள்ளி விழுத்துறாங்கள்?" என்று கேட்டார்.

"என்னப்பா, அந்த நாளையில ஒண்டும் விடாமல் பாத்தனீங்களெல்லோ?"

"எனக்கு உது எங்கை விளங்கினது? நீ நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டிருந்தாய். அதைக் கேக்கத்தான் எழும்பி வந்தனான்."