எண் போடாத வரி

என் மகள் அடுத்த மாதம் பெருவுக்குப் போகிறாள். பயணிகள் தவறவிடக் கூடாத பெரு நாட்டு உணவுகள் என்று இணையத்தில் கண்ட பட்டியலொன்றை நேற்று எனக்கு அனுப்பியிருந்தாள். என்னிடம் அதைவிடப் பழைய பட்டியல் ஒன்று உண்டு. கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள். பென்சிலால் டேனிஷ் மொழியில் எழுதியது. ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

டேனிஷ் நகரமான ரண்டர்ஸில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் நாங்கள் இருந்தோம். மூன்றாம் மாடியில், பெருவிலிருந்து வந்த பெண்ணொருவர் தனியாக இருந்தார். நான் அவரை அன்ரி என்பேன். அம்மாவும் அவரும் ஒரே டேனிஷ் வகுப்பு. இருவரிடமும் சேர்த்து நூறு சொற்கள் இருந்தால் அதிகம். அவற்றை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அந்தக் கட்டடத்தில் எங்கள் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்தான். நாங்கள் விட்டு வந்த ஊரில் சண்டை நடந்தது. அம்மாவின் தாயிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. பகல் முழுவதும் அம்மா இரண்டு சத்தங்களுக்காகக் காத்திருந்தார்: கதவுத் துளையால் தபால் விழும் சத்தம், அன்ரி படியிறங்கி வரும் சத்தம்.

ஒரு ஞாயிறு மதியம் அன்ரி வேலைக்குப் போகிற அவசரத்தில் மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணமொன்றை அம்மாவின் கையில் வைத்தார். “இப்ப, இப்ப” என்று டேனிஷில் இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓடினார். உள்ளே தேசிக்காய்ப் புளியில் மிதக்கும் மீன் துண்டுகள், மெல்லியதாக அரிந்த வெங்காயம், மிளகாய். ஓரத்தில் அவித்த வற்றாளங்கிழங்கு.

“இதென்னப்பா, பச்சை மீனெல்லோ!” என்றார் அம்மா.

அப்பா மணந்து பார்த்தார். “புளியிலை ஊறப்போட்டிருக்கிறா. சமைக்க நேரமில்லைப் போலை. இப்பவே அடுப்பிலை வையெண்டுதான் சொல்லிப்போட்டு ஓடுறா.”

அம்மா தேங்காய்ப்பால் ரின் ஒன்றை உடைத்து, கிண்ணத்திலிருந்த எல்லாவற்றையும் கொட்டி, மஞ்சள் போட்டுச் சொதி வைத்தார். இடியப்பத்தோடு சாப்பிட்டோம்.

“உண்மையைச் சொன்னா, உம்மடை வழமையான சொதியை விட இது திறம்,” என்றார் அப்பா.

“அப்ப இனி மேலை போய்ச் சாப்பிடுங்கோ.”

வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நல்ல துண்டுகளாகப் பொறுக்கிப் போட்டுச் சொதியை நிரப்பி, பின்னேரம் அன்ரி வேலையால் வந்ததும் மேலே கொண்டுபோக என்னிடம் தந்தார் அம்மா. “கேட்டா, எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டம் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதைக்காதை.”

அன்ரி மூடியைத் திறந்தார். கரண்டியால் கிளறினார். மஞ்சளாகிப்போன ஒரு கிழங்குத் துண்டு மேலே வந்தது. இது தன்னுடைய மீனா என்று கேட்டார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லுகிற பிள்ளை நான். ஓம், அம்மா இருபது நிமிடம் கொதிக்க வைத்தா என்றேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அதன் பெயர் செவிச்சே, புளிதான் அதைச் சமைக்கும், நெருப்பே காட்டக் கூடாது என்றார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாகச் செய்தாராம். கரண்டியைக் கீழே வைத்தார். நான் கதவடியில் நின்றேன். இனி அந்தக் காலடி படியில் கேட்காது, அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.

திடீரென்று அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே பாணைப் பிய்த்துச் சொதியில் தோய்த்துக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். உன் அம்மா இப்படியே பெருவுக்குப் போனால் ஆபத்து, கொப்பி எடுத்து வா என்றார்.

அவர் தெரிந்த சொல்லால் சொல்லியும், சொல் இல்லாத இடத்தில் கையால் காட்டியும் வர, நான் எழுதினேன். ஒன்று, செவிச்சே: மீன் சந்தையில், மதியத்துக்கு முன். சமைக்கக் கூடாது. இரண்டு, காவுசா: மசித்த உருளைக்கிழங்கு அடுக்கு. மூன்று, மஞ்சள் மிளகாய்க் குழம்பில் பிய்த்துப் போட்ட கோழி. நான்கு, தெருவோரத்தில் சுடும் மாட்டிதயம். ஐந்து, ஊதாச் சோளப் பானம். ஆறு, பிக்கரோனெஸ்: பூசணியும் வற்றாளங்கிழங்கும் பிசைந்து வளையமாகப் பொரித்துப் பாகு ஊற்றுவது. தேவாலய மூலையில், பொழுதுபட. பொரிப்பது என் அம்மா என்றார் அன்ரி. குள்ளமானவர்.

கடைசியாக ஒரு வரி சொன்னார். அது சாப்பாடு இல்லையே என்றேன். பரவாயில்லை, எழுது என்றார். எழுதினேன். ஆனால் எண் போடவில்லை.

கீழே வந்து, பானை கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சமைக்கக் கூடாது என்ற இடத்தில் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆறாவதைக் கேட்டு, “எங்கடை பனங்காய்ப் பணியாரம் மாதிரி,” என்றார். பிறகு எண் போடாத வரியை வாசித்தேன்: என் அம்மா சாப்பிட்டாரா என்று கேளுங்கள், முழங்கால் நோ எப்படி என்று பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.

அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

“திரும்ப வாசி.”

தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இரண்டாம் தடவை இன்னும் உரக்க வாசித்தேன்.