உப்புக் கண்

அமுதவள்ளி அக்கா போய் இன்றோடு பதினாறு நாள்.

வாலிநோக்கம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் உப்பு வாரியவள். நீளப் பலகையைப் பிடித்து இழுத்து இழுத்து இடுப்பு போயிற்று. கல்லூரியில் யோகம் படித்த நான்தான் ஆசனம் சொல்லிக்கொடுத்தேன். அசையாமல் இருக்க வேண்டும், அதில் சுகமும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ஆசனம் என்றேன். வலி குறைந்தது. சிரசாசனத்தை அவளே கேட்டாள்.

"நாளெல்லாம் குனிஞ்சே கிடக்கேன்டா தம்பி. ஒரு பத்து நிமிசம் உலகம் தலைகீழா நிக்கட்டும்."

"கண்ணுல கோளாறு எதுவும் இருக்காக்கா? இருந்தா இது செய்யக்கூடாது."

"ஒண்ணுமில்லடா."

அவள் பொய் சொல்லவில்லை. உப்பளத்தில் கண் கூசுவதையும், நீர் வடிவதையும், மங்குவதையும் யாரும் நோயாக நினைப்பதில்லை. அதற்கு உப்புக் கண் என்று பெயர், அவ்வளவுதான். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் மறுபடி கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் சுவரோரம் தலைகீழாக நின்றாள். கூட வேலை பார்க்கும் முருகலட்சுமி, "ஏத்தா, வௌவாலுக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்று சிரிப்பாள்.

ஒரு வருடம் கழித்து அக்கா பாத்தி வரப்பில் இடறத் தொடங்கினாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணைச் சோதித்த டாக்டரிடம் தன் சிரசாசனத்தைப் பெருமையாகச் சொன்னாள்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம் சார். தம்பி சொல்லிக்கொடுத்தது."

கண்ணுக்குள் அழுத்தம் முன்பே கூடியிருந்ததாம். தலைகீழாக நிற்கையில் அது இரட்டிப்பாகுமாம். நரம்பு செத்து, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிவிட்டது. போனது திரும்பாது என்றார்.

பஸ்ஸில் கேட்டாள்: "யோகத்துல, பாக்குற பொருள் வேற, உள்ள இருந்து பாக்குறவன் வேறன்னு சொல்லுவியே. கண்ணு போனா அந்தப் பாக்குறவன் எங்கன போவான்?"

"ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன்.

சொட்டு மருந்து போட்டாள். சிரசாசனத்தை விட்டாள். வேலையை மட்டும் விட மறுத்தாள். அவள் போன அன்று விடியலில், உப்பு லாரி ஒன்று அவளுக்கு இடப்பக்கமிருந்து பின்னோக்கி வந்தது. எல்லோரும் கத்தினார்கள். அவள் கத்தியவர்கள் இருந்த திசையைப் பார்த்தபடி நின்றாள். லாரி அவள் கண்ணில் படவே இல்லை.

இன்று காரியத்துக்கு வந்த முருகலட்சுமி, வாசற்படி தெரியாமல் இடறி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்புக் கண்ணுதான் தம்பி" என்றாள்.