மாரிமுத்துவுக்கு ஓர் இடம்

மாடத்தி நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ முடித்த கையோடு சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரகடத்துக்கு வந்தவள். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் வேலை. தங்குவது பெண்கள் விடுதியில். அப்பா இல்லை. அம்மா ஊரில் பீடி சுற்றுகிறாள். பதினேழு வயதுத் தம்பி மாரிமுத்துவையும் இங்கே வரவழைத்து ஐடிஐயில் சேர்த்தாள். ஊர்க்காரப் பையன்கள் எடுத்திருந்த அறையில் அவனைத் தங்கவைத்தாள். அதுதான் வினையாகிவிட்டது. அவர்களில் இருவர் படப்பையில் ஒரு பைக்கைத் திருடி ஓட்டி வந்தபோது, பின்னால் இவனும் உட்கார்ந்திருந்தான். திருட்டு வண்டி என்று அவனுக்குத் தெரியும். போலீஸ் பிடித்துக் கேட்டபோது அதை மறைக்கவும் இல்லை.

மற்ற இருவரும் வயது வந்தவர்கள் என்பதால் சிறைக்குப் போனார்கள். மாரிமுத்துவைச் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே அளவுக்கு மேல் பிள்ளைகள். பார்க்கப் போன மாடத்தியிடம், கழிவறை வாசலில்தான் பாய் விரிக்க இடம் கிடைத்தது என்றான். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் அவள் வாயிலேயே நின்றுவிட்டன.

இடம் போதாததால் சிலரை வேறு மாவட்டத்து இல்லத்துக்கு மாற்றப்போவதாக நன்னடத்தை அலுவலர் சுகப்பிரியா சொன்னார். அவ்வளவு தூரம் போய்விட்டால் ஷிஃப்டை விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார்க்கவும் முடியாது. சுகப்பிரியா ஒளிக்காமல் பேசினார். முதல் வழக்கு, சின்ன வழக்கு. சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் நீதிக் குழுமம் ஜாமீனில் விட்டுவிடும். ஆனால் அவன் போய் இருக்க ஒரு வீடு வேண்டும். போலீஸ் வந்து போனதும் பையன்களின் அறையை உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். விடுதியில் ஆண்பிள்ளைக்கு இடமில்லை. ஊருக்கு அனுப்பினால் படிப்பு நின்றுவிடும்.

மாடத்தி படப்பையில் தெருத் தெருவாக அறை தேடினாள். யாரிடமும் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தம்பி மேல் வழக்கு இருக்கிறது என்றதும், முகம் மாறாமலே கதவைச் சாத்தினார்கள்.

லைனில் பக்கத்தில் நிற்கும் மஞ்சுளா பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரி. டீ இடைவேளையில் மாடத்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் நிற்பதைப் பார்த்து, என்னவென்று கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்தவள் ஷிஃப்ட் விட்டதும் அவளை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மஞ்சுளாவின் கணவன் வெங்கடேசன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் தயங்கினான். ஊரில் நாலு பேர் பேசுவார்கள், நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டான். மாடத்திக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. எழுந்து கிளம்பப் பார்த்தாள்.

மஞ்சுளா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "அந்தப் புள்ள கக்கூஸ் வாசல்ல படுத்துக்கினு கீறான். நம்ம வூட்டுல பின்னால ஒரு ரூம் சும்மா பூட்டிக் கெடக்குது. இன்னா சொல்ற நீ?"

 வெங்கடேசன் மாடத்தியிடம், "நீயும் கூட இருப்பல்ல?" என்றான்.

"நானும் விடுதிய விட்டுட்டு வந்திருதேண்ணே. அவன் எனக்குப் பொறுப்பு," என்றாள்.

சுகப்பிரியா நேரில் வந்து அறையைப் பார்த்தார். வெங்கடேசனிடமும் பேசிவிட்டுப் போனார். குழுமத்தின் முன் மாரிமுத்து தலைகுனிந்து நின்றபோது, இனி ஒழுங்காகப் படிப்பாயா என்று நடுவர் கேட்டார். "படிக்கேன் சார். யக்காவ அலைய வச்சிட்டேன்," என்றான். ஐடிஐக்குத் தவறாமல் போக வேண்டும், அலுவலர் முன் அவ்வப்போது ஆஜராக வேண்டும் என்று சொல்லி, அவனை அக்காவின் பொறுப்பில் விட்டார்கள்.  வாசலுக்கு வந்ததும் மாடத்தி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஃபோனில் அம்மாவிடம், "தம்பி வந்துட்டாம்மா" என்றாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தேதி வரும்போதெல்லாம் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். மற்ற நாட்களில் மாரிமுத்து வெங்கடேசனின் வேனில் தொற்றிக்கொண்டு ஐடிஐக்குப் போகிறான். போன வாரம் மாடத்தி வைத்த குழம்பில் உப்பு போதவில்லை என்று குறை சொன்னான். இல்லத்திலிருந்து வந்தபின் அவன் வாய் திறந்து குறை சொன்னது அதுதான் முதல் தடவை. மாடத்தி உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டு, ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.