புட்டியில் புடைத்திருந்த எழுத்து

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம். கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்துத் தொலைப்பேன். திண்டிவனத்தில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷ் படித்த மிதப்பு வேறு. லீவுக்கு ஊருக்கு வந்தால் சோப்பு உறை, தீப்பெட்டி, பிஸ்கட் டின் எதையும் விடமாட்டேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்வார்.

அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான். ஆனால் அவள் படித்தால் நாள் முழுக்கக் கேட்கலாம். நான் லீவில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வீட்டில் நாலு பேரும் ஊருக்குப் பின்னாலிருந்த மலைக்குப் போவோம். உச்சிப் பாறையில் செதுக்கியிருந்த தீர்த்தங்கரர்களைக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காருவோம். உட்காரும் முன் எறும்பு நசுங்காதபடி இடத்தைத் துணியால் மெல்லக் கூட்டிவிடுவது என் வேலை. அம்மா வறுத்த மல்லாட்டையைத் தோலுடைத்துக் கடலையைப் பிரித்து வைப்பாள். அக்கா வாரப் பத்திரிகையின் தொடர்கதையைப் படிப்பாள். அப்பா பாதியிலேயே குறட்டை விடுவார். அவள் நிறுத்தினால் மட்டும் விழித்துக்கொண்டு, "அப்புறம் இன்னா ஆச்சி?" என்பார். சமணர்களான நாங்கள் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. அதனால் கதை எந்த இடத்தில் இருந்தாலும் வெயில் சாய்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் அக்கா இருமத் தொடங்கினாள். திண்டிவனத்து டாக்டர் பார்த்துவிட்டு க்ஷயம் என்றார். முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்கச் சொன்னார். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

"அது மட்டும் வேணாங்க. வேற எது சொன்னாலும் செய்றோங்க."

டாக்டர் உள்ளே போய், 'டானிக்' என்று கையால் எழுதி ஒட்டிய ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா தினமும் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் குடித்தாள். இரண்டாவது புட்டி தீர்வதற்குள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. மலையில் பாதி வழியிலிருந்த சுனை வரைக்கும் வந்துவிட்டாள். தொடர்கதையின் கடைசி மூன்று இதழ்களை மட்டும் படிக்காமல் டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள்.

"தை பொறக்கட்டும். உச்சியில உக்காந்துக்கினுதான் அதப் படிப்பேன்" என்றாள்.

அந்த இரண்டாவது புட்டி காலியானதும் கழுவப் போனது, லீவுக்கு வந்திருந்த நான்தான். தண்ணீரில் டாக்டர் ஒட்டிய காகிதம் ஊறிக் கழன்றது. அடியில் கண்ணாடியிலேயே இங்கிலீஷ் எழுத்து புடைத்திருந்தது. காட் லிவர் ஆயில். லிவர் என்றால் ஈரல் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. காட் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினேன். ஒரு புது வார்த்தை கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு, பாவி.

எல்லோரும் சாயங்காலச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப்போய், "அப்பா, இது மீன் ஈரல் எண்ணெய்ப்பா" என்றேன்.

அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அம்மா எழுந்து கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அப்பா பிரிக்காமல் இருந்த மூன்றாவது புட்டியை எடுத்துப்போய்க் குழி வெட்டி ஊற்றி மூடினார். மூன்று நாள் உபவாசம் இருந்தார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தலையைத் தடவி, "நல்ல வேள, நீ படிச்ச" என்றார். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

தை பிறந்தபோது அக்கா வாசல்வரைகூட நடக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழைய இதழ்களைப் படித்துக் காட்டினேன். ஒரு நாள் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"எனக்கு மொத நாளே தெரியும்டி. அனந்தபுரம் சந்தையில மீன் கூடைங்க பக்கம் அடிக்குமே, அதே வாசன."

"தெரிஞ்சிக்கினு எதுக்குக் குடிச்ச?"

"மலைக்கு வரணும்னு இருந்துச்சி."

பெட்டியிலிருந்த மூன்று இதழ்களையும் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பங்குனியில் போய்விட்டாள்.

அந்த எண்ணெயால் மட்டும் க்ஷயம் தீர்ந்துவிடாது என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். இருக்கலாம். அவள் சுனை வரைக்கும் ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் தெரிந்துதான் குடித்தாள் என்பதை மட்டும் அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

வருஷம் திரும்பியதும் அப்பாவும் நானும் மட்டும் மலைக்குப் போனோம். நான் இடத்தைத் துணியால் கூட்டிவிட்டேன். அவர் உட்கார்ந்தார், ஆனால் தூங்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில், "அந்தக் கதையில அப்புறம் இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா. நான் படிக்கல" என்றேன்.