அரை மணி நேர மிச்சம்

போன வாரம் ஒரு மீட்டிங்கில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பேசாமல் இருக்கத் தெரியாதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. தலைமையகம் ஜெர்மனியில். கொள்முதல், உற்பத்தி, இருப்பு, பில் — எல்லாவற்றையும் ஒரே சாஃப்ட்வேரில் கொண்டுவரும் ஈ.ஆர்.பி. சிஸ்டத்தை வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம் அது. உற்பத்தித் திட்டம் போடுகிறவள் என்பதால் நானும் போயிருந்தேன்.

"இவ்வளவு செலவு செய்தால் நமக்கு என்ன மிச்சம்?" என்று வீடியோவில் இருந்த ஜெர்மன் அதிகாரி கேட்டார். விற்க வந்தவர் கலர் கலராக ஏதேதோ காட்டினார். அதிகாரி அசையவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கிடங்கில் என்ன இருக்கிறது என்பது இப்போது எங்கள் கம்ப்யூட்டரில் சரியாக வருவதே இல்லை. தினமும் போன் போட்டுக் கேட்பதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது" என்றேன்.

அவ்வளவுதான். அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. வாங்குவது என்று முடிவாகிவிட்டது!

சீட்டுக்கு வந்து வழக்கம்போல் போனை எடுத்தபோதுதான் உறைத்தது... அந்த அரை மணி நேரத்தில்தானே ஸ்டெல்லா அக்கா இருக்கிறார்?

நசரத்பேட்டை கிடங்கில் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. பல வருடப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. பேரிங் எத்தனை, சீல் எத்தனை என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம்? அவர் பெண்ணின் கல்யாணப் பேச்சு, சர்ச் பாட்டுக் குழுவில் நடந்த சண்டை, என் தலைவலி.

என் கணவர் மஸ்கட்டில். மகன் ஹாஸ்டலில். சாயங்காலம் வெள்ளானூர் ஃப்ளாட்டைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கும். கணவரும் போன் செய்வார் — கேஸ் புக் பண்ணியாச்சா என்று. "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்க எனக்கு அக்காவை விட்டால் ஆள் இல்லை. அந்தக் குரலுக்காகத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ இனிமே நீ போன் பண்ண மாட்டியா?"

"ஏங்க்கா, சும்மா பேசலாமே."

"சும்மா எங்க பேசப் போற... வேல கீது, அதான் இத்தினி நாளா பேசிகினு கீறோம்."

மறுத்துப் பேச வாயெடுத்தேன். அவர் சொன்னது உண்மைதான் என்று பட்டது. காரணமே இல்லாமல் ஒருவரைக் கூப்பிட்டு நீங்கள் பேசி எவ்வளவு நாளாயிற்று? பாசத்துக்கும் நமக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. எனக்கு வாய்த்த சாக்கு, பேரிங்.

"எப்போ வருதாம் அந்தக் கம்ப்யூட்டரு?"

"ஒரு வருஷம் ஆகுமாம்க்கா."

"அப்பாடா!" என்றார் அக்கா.

இந்த மாதிரி ப்ராஜெக்ட் எதுவும் சொன்ன தேதியில் முடிந்ததே இல்லை என்று எங்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட் இப்போதே புலம்புகிறது. புலம்பட்டும்... என் வயிற்றில் பால் வார்க்கிறார்கள்!