ஆல்ஃபா ஓநாய்க்கு ஆட்டோ மைக் குரல்

1. முதல் டேக்

கதாநாயகியின் காதருகே குனிந்து எங்கள் கதாநாயகன் சொல்லவேண்டிய முதல் வசனம் இது: "உன் வாசனையை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன்." ஸ்கிரிப்டில் அதன் பக்கத்தில் 'கிசுகிசுப்பாக' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். ராசேந்திரன் அண்ணன் மைக் முன் நின்றார், தொண்டையைச் செருமினார், இடது கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

"உன் வாசனையை... மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே... கண்டுபிடித்துவிட்டேன்! உன் வாசனையை... மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே... கண்டுபிடித்துவிட்டேன்!"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காஜா அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா ஜெர்லின், இது ஓநாயா? நகைக்கடை தொறப்பு விழா மாதிரில்ல இருக்கு."

ஆடியோ தொடர்கதை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பழுத்த கிழவி இல்லை. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுக் காரைக்காலில் வீட்டோடு இருந்தபோது, சென்னையில் இருக்கும் ஒரு கதை ஆப்பில் வேலை கிடைத்தது. ஆங்கில நாவலைத் தமிழ் ஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும், கதாநாயகிக்குக் குரல் கொடுக்க வேண்டும், ரெக்கார்டிங்கை நடத்த வேண்டும். ஒரே சம்பளத்தில் மூன்று ஆள். இதற்குப் பெயர் 'கிரியேட்டிவ் ஓனர்ஷிப்'.

ரெக்கார்டிங் நடந்தது காஜா அண்ணனின் ஸ்டுடியோவில். டயர் கடைக்கு மேல் ஒற்றை அறை. மைக் கட்டிய ஆட்டோக்களுக்கு அறிவிப்புப் பதிவு செய்வதுதான் அங்கே முழுநேரத் தொழில். அந்த அறிவிப்புகளில் பாதிக்கு மேல் சுரக்குடி ராசேந்திரன் அண்ணனின் குரல். வீட்டில் நெல் சாகுபடி, இவருக்கு வாய் சாகுபடி. ஜவுளித் தள்ளுபடி, கோயில் திருவிழா, கண் சிகிச்சை முகாம், திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை, எல்லாம் அவர்தான். முடிக்குச் சாயம் பூசாமல் மைக் முன் வரமாட்டார். ஆடியோவில் முடி தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "குரல்ல தெரியும்மா" என்றார்.

எதையும் இரண்டு தடவை சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். ஆட்டோ ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை சொல்வது, வீட்டுக்குள் இருப்பவர் வாசலுக்கு ஓடி வர. இரண்டாவது தடவைதான் காதில் விழ. இத்தனை வருஷம் அப்படிப் பேசிய வாய், ஒரு ஓநாய்க்காக மாறுமா?

2. இந்த நாவலை ஏன் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு

கேட்காதவர்களே இல்லை. "எம்.ஏ. படிச்சிட்டு ஓநாய்க் கதையா?" என்று என் அம்மா தொடங்கி வைத்தார். உண்மையைச் சொல்கிறேன். கல்லூரியில் மேடம் காவியம் நடத்திக்கொண்டிருந்தபோது பெஞ்சுக்குக் கீழே வைத்து இதைத்தான் படித்தேன். ஒரு தடவை அல்ல. நிறுவனம் இதன் உரிமையை வாங்கியதும், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

இலக்கியம் என்று சண்டை போட வரவில்லை. கதாநாயகனுக்கு முந்நூறு வயது, ஒரு நரை இல்லை. பெரிய கம்பெனிக்கு முதலாளி, ஒரு நாளும் ஆபீஸ் போனதில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஓநாயாக மாறும்போது சட்டை கிழிகிறது, அடுத்த அத்தியாயத்தில் புதுச் சட்டை தயார். யார் தைக்கிறார், யார் துவைக்கிறார் என்று ஒரு வரி கிடையாது. கதாநாயகி பனியில் மெல்லிய கவுனோடு நடக்கிறாள், ஒரு தும்மல்கூட இல்லை. அவளிடம் பைன் மர வாசனை அடிக்கிறதாம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கடற்கரைப் பக்கம் எவளை மோந்தாலும் கருவாடுதான் அடிக்கும்.

ஆனால் மாப்பிள்ளையாக வைத்துப் பாருங்கள். ஒரே மோப்பத்தில் முடிவெடுக்கிறான். எங்கள் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டாரோ ஒரு தட்டு பஜ்ஜியை முடித்துவிட்டு, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்கிறார்கள். அந்தப் போன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று. இவன் மிருகமாவது மாதத்தில் ஒரே ஒரு நாள். அது எந்த நாள் என்று தினசரிக் காலண்டரில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். என் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு காலண்டர் இருந்திருந்தால், என் சித்தி எத்தனையோ நாள் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள்.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயத்துக்கு வருகிறேன். நிலவு ஏறுவதற்கு முன்பு அவன் தானாகவே நிலவறைக்குள் போகிறான். தானே சங்கிலி பூட்டிக்கொள்கிறான். சாவியை அவள் கையில் கொடுத்து, "கதவைத் திறக்காதே. கெஞ்சினாலும் திறக்காதே. உள்ளே கத்துவது வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. அதுவும் நான்தான்" என்கிறான். நிலவின் மேல் பழி போடவில்லை. குடியின் மேல், வேலையின் மேல், 'நீதான் கோபத்தைக் கிளப்பின' என்று அவள் மேல் போடவில்லை. அந்த ஒரு பக்கத்துக்காக அந்தச் சட்டைகளை எல்லாம் மன்னித்தேன்.

3. வருண் சாரின் திருத்தம்

வருண் சார் எங்கள் தயாரிப்பாளர். கதாநாயகனுக்கு ருத்ரன் என்றும் கதாநாயகிக்கு மீரா என்றும் பெயர் மாற்றியவர் அவர்தான். பனிமலையைக் கொல்லிமலை ஆக்கினார். கொல்லிமலையில் பனி பெய்யாது சார் என்றேன். "ஃபேன்டஸிதானே மா" என்றார். சரி, பெய்யட்டும்.

முதல் எபிசோடுகள் அவருக்குப் போன பிறகு வீடியோ காலில் வந்தார்.

"ஜெர்லின், அந்த ஹீரோ வாய்ஸ் எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லுதே, ஏன்?"

எனக்குப் பின்னாலிருந்து காஜா அண்ணன் குரல் கொடுத்தார். "ஸ்டைல் சார்!"

"ஸ்டைலா? ஓகே, குறைச்சுக்கச் சொல்லுங்க. இப்ப மெயின் மேட்டர். அந்த சாவி சீன். அவனே போய் சங்கிலி போட்டுக்கிறானா? ஆல்ஃபா மா அவன், ஓநாய்க் கூட்டத்துக்கே தலைவன்! பவர் என்ன ஆகுறது? அவளை உள்ள வை. அவன் கதவை உடைச்சிட்டு வரட்டும். அவ பயப்படட்டும். அந்தப் பயம் அப்படியே லவ்வா மாறட்டும்."

"பயம் எப்படி சார் லவ்வா மாறும்?"

"பிஜிஎம் போட்டா மாறும் மா."

"அந்த சீன்தான் சார் கதையே."

"ஆடியன்ஸுக்கு உடைக்கிறதுதான் வேணும்."

"நானும் ஆடியன்ஸ்தான் சார்."

"நீ ஸ்டாஃப் மா."

கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவர் கேட்ட மாதிரி வராவிட்டால், சென்னையில் வேறொருவர் எழுதி, மெஷின் குரலில் போட்டுவிடுவார்கள். எனக்கு ஒரு ரத்தக்காட்டேரி நாவல் தருவார்களாம், ஆறுதலுக்கு.

இரண்டு விதமாகவும் பதிவு செய்து அனுப்புகிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். "வேஸ்ட் ஆஃப் டைம். ஆனா செய்" என்றார்.

4. உடைத்த கதவும் உடைக்காத கதவும்

உடைக்கிற சீனை ராசேந்திரன் அண்ணனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இதாம்மா மாஸ்! இந்தச் சாவி, சங்கிலியெல்லாம் சின்னப்புள்ளத்தனமா இருக்கு" என்றார். எனக்கு ஆள் பலமே இல்லை என்று புரிந்தது. காஜா அண்ணன் கீழே டயர் கடையிலிருந்து ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து காலால் உடைத்தார். சத்தம் அருமையாக வந்தது.

"நீ எனக்குத்தான் சொந்தம்! நீ எனக்குத்தான் சொந்தம்!"

நான் அலறவேண்டும். அலறினேன். பேருந்தில் செருப்பைத் தவறவிட்டவள் மாதிரி வந்தது. திரும்ப அலறினேன். பிறகு அந்த அலறலை எப்படிக் காதலாக மாற்றுவது என்று தெரியாமல் நின்றேன்.

"சும்மா கொஞ்சம் சிரிச்சு வையேன்" என்றார் ராசேந்திரன் அண்ணன்.

"கதவ ஒடச்சிட்டு வர்றவனப் பாத்து எவண்ணே சிரிப்பா?"

"கதையிலதானம்மா!"

அடுத்தது சாவி சீன். அவர் இரண்டாவது தடவை சொல்லிவிடாதபடி கண்ணாடிக்குப் பின்னால் காஜா அண்ணன் ஒற்றை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ராசேந்திரன் அண்ணனும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே தடவை, கிசுகிசுப்பாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் பேசுவது மாதிரி இருந்தது. இதை அனுப்பினால் வருண் சார் ஜெயித்துவிடுவார். ரீடேக் போட்டோம். ஊசி இன்னும் பெரிதாகிவிட்டது.

"தங்கச்சி, காட்டேரி நாவல் நல்லாத்தான் இருக்கும்" என்றார் காஜா அண்ணன்.

அழுகை வந்தது. அழுதால் அடுத்த டேக்கில் மூக்கடைப்பு கேட்கும், அதனால் அழவில்லை. எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் கருக்களாச்சேரி மீனவர் தெருவில் என் தோழி வீட்டில் இருந்தபோது, கடலுக்குப் போக வேண்டாம் என்று ஒரு ஆட்டோ சொல்லிக்கொண்டே போனது. ஜவுளிக்கடைக் குரல் இல்லை அது. தெருவில் பேச்சே நின்றுவிட்டது.

"அண்ணே, கருக்களாச்சேரில புயல் அறிவிப்பு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. அது வேற. அதுக்கும் லவ்வுக்கும் என்னம்மா சம்மந்தம்?"

"அதே மாதிரி சொல்லுங்க. ரெண்டு தடவையே சொல்லுங்க. விரல எறக்குங்க காஜாண்ணே."

ராசேந்திரன் அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தினோம். இந்த முறை அவர் கை காதுக்குப் போகவில்லை.

"கதவைத் திறக்காதே. கதவைத் திறக்காதே. கெஞ்சினாலும் திறக்காதே. கெஞ்சினாலும் திறக்காதே. உள்ளே கத்துவது வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. வேறு யாரோ என்று நினைத்துவிடாதே." கொஞ்சம் நிறுத்தினார். "அதுவும் நான்தான்."

அவ்வளவுதான். காஜா அண்ணன் 'கட்' சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம்கூட டேக்கில் விழுந்துவிட்டது.

"ஏண்ணே, கடைசிய மட்டும் ஒரு தடவதான் சொன்னீங்க?"

சாயம் பூசிய தலையைத் தடவிக்கொண்டார். "அத ரெண்டு தடவ சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா."

5. பிறகு

வருண் சார் இரண்டையும் கேட்டார். சாவி சீனை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். "சாவியையே போடு" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "உடைக்கிறதை டிரெய்லருக்கு வெச்சுக்கலாம். பலகை சவுண்ட் சூப்பர்" என்றார். ஆக, டிரெய்லரில் கதவு உடைகிறது. அட்டைப் படத்தில் சட்டையில்லாத ஒருவர் முறைக்கிறார். அதைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள், தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் ஒருவனைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். 'ஆல்ஃபா கெத்து போச்சு' என்று ஒருவர் கமென்ட் போட்டிருக்கிறார். 'இவரு எந்த ஊரு, பொண்ணு பாத்தாச்சா' என்று கேட்டு அதற்குக் கீழே பெண்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள்.

அந்த வாரமே சுரக்குடியிலிருந்து ஒரு போன்.

"ஜெர்லினாம்மா? நான் ராசேந்திரன் வீட்டுக்காரி பேசறேன். நாத்தங்கால்ல செல்போன வச்சு எல்லாரும் கேட்டோம். ஒரு சந்தேகம். அது அவருதானா?"

"அவரேதாங்க்கா."

"'எனக்குக் கோவம் வருது, நீ கொஞ்சம் தள்ளிப் போ'ன்னு இத்தன வருசத்துல ஒரு நாளு சொன்னதில்லம்மா. கோவம் வந்தப்புறந்தான் எனக்கே தெரியும். யாரோ ஒரு மீராவுக்கு ரெண்டு ரெண்டு தடவ சொல்றாரு!"

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "அது நடிப்புடி!"

"அப்ப வீட்லயும் அதையே நடிங்க!" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

அந்த வீட்டில் அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ராசேந்திரன் அண்ணன் சாயம் பூசாமல் வந்தார். கேட்டதற்கு, "கோவமா இருக்கேன், கிட்ட வராதம்மா" என்றார். காஜா அண்ணன் நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்களுக்குப் பிடித்த அந்த அசட்டு நாவலில் விட்டுக்கொடுக்கவே முடியாத பக்கம் எது? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். மற்றதை எல்லாம் சார் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பெயரை, மலையை, சட்டையை. எங்கள் கொல்லிமலையில் இன்றைக்கும் பனி கொட்டுகிறது. சாவி மீராவிடம்தான் இருக்கிறது.