என் பெயரில் உங்கள் மாமா ஊதிய மூச்சு

நான் எட்டாவது வரைதான் படித்தவன். இருந்தாலும் ஒரு பெரிய படிப்பாளியின் ஆராய்ச்சியைக் கவிழ்க்கப் பார்த்தவன் என்பது, பிள்ளைகளே, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்போது நாங்கள் வடக்குத்து என்ற ஊரில் வாடகைக்கு இருந்தோம். நிலக்கரிச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை வாரிப் போடுவது என் வேலை. காண்ட்ராக்ட்தான். பர்மனென்ட் பட்டியல் வருகிறது என்று ஷிப்டுக்கு ஷிப்ட் பேச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு பேராசிரியர் வந்தார். தூசியில் வேலை செய்பவர்களின் மூச்சை அளந்து கட்டுரை எழுதப் போகிறாராம். முன்பு அச்சான கட்டுரைகளையும் காட்டினார். ஒன்று வெள்ளாற்று மீனைப் பற்றி. இன்னொன்று நெல்லிக்குப்பம் கரும்பு இலையில் வரும் நோயைப் பற்றி.

"மீனு, கரும்பு, இப்ப நாமளா? அறுத்துப் பாக்காம வுட்டாச் சரி" என்றார் கூட வேலை செய்த ஒருவர்.

அறுக்கவில்லை, ஊதச் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஒரு டப்பாவைக் கவிழ்த்திருப்பார்கள். ரப்பர் குழாயில் ஊதினால் டப்பா எழும்பும், பேனா கோடு போடும். பெயர் கூப்பிட்டு ஊதச் சொன்னால் அது பர்மனென்டுக்கான மெடிக்கல்தான் என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. பேராசிரியர் இல்லவே இல்லை என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

எனக்கோ அப்போது ஓயாத இருமல். சேத்தியாத்தோப்பிலிருந்து உங்கள் மாமாவை வரவழைத்தேன். வெள்ளாற்றின் இக்கரையில் நின்று அக்கரை ஆளைக் கூப்பிடுகிற தொண்டை அவருக்கு.

"மாப்ள, வேகமா ஊதணுமா, ரொம்ப நேரம் ஊதணுமா?"

"ரெண்டும் மச்சான்."

என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பெயருக்குக் கை தூக்கி, ஊதிவிட்டு வந்தார். டப்பா தொட்டியை விட்டே கிளம்பப் பார்த்ததாம்.

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊத வைத்தவர் அவருடைய உதவியாளர். அதனால் என் முகம் பேராசிரியருக்குத் தெரியாது.

"இத்தனை வருஷம் தூசில நின்னும் இளந்தாரி மூச்சு உங்களுக்கு! உங்களைப் பத்தித் தனியா எழுதப் போறேன். என்ன சாப்பிடுறீங்க?"

இருமல் வந்தது. சொம்புத் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினேன்.

உங்கள் அம்மா முந்திக்கொண்டாள். "கேவுரு கூழுதாங்க. காலைல ஒரு சொம்பு குடிச்சிகினு போவாரு."

அவர் எழுதிக்கொண்டே போனார். கூழ் குடிப்பவர்களைத் தூசி அண்டாது என்று காட்டிவிட்டால் பெரிய விஷயமாம், சர்க்காரே படிக்குமாம். நாங்கள் மூக்கில் கட்டத் துணி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூழே போதும் என்று அச்சிலேறினால் துணிக்குப் பதில் கூழ் ஊற்றிவிட்டுப் போவார்கள். நிஜத்தைச் சொன்னாலோ என் பர்மனென்ட் போகும். சொம்பிலும் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"சார், அது என் மூச்சு இல்லீங்க. என் மச்சான் மூச்சு" என்றேன். அதுவரை அடக்கிய இருமல் மொத்தமும் வெளியே வந்தது.

பேனா நின்றது. "மத்தவங்க?"

எனக்கு இருமல் நிற்கவில்லை. உங்கள் அம்மாதான் விரல் மடக்கினாள். "பக்கத்து வூட்டுக்காரருக்கு அவரு தம்பி ஊதுனாருங்க. கோடி வூட்டுக்காரருக்கு அவரு பொண்ணைக் கட்டப்போற புள்ள..."

மனுஷர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மீன் ஒண்ணும் இப்படிப் பண்ணலையே!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவரவர் வாயால் ஊதினோம். நான் ஊதியபோது டப்பா சோம்பேறி மாதிரி எழுந்து உட்கார்ந்தது. அவர் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மருந்து வாங்க வைத்தார். கட்டுரை அச்சாகி வந்தபோது இங்கிலீஷ் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். யார் பெயரும் இல்லை, கூழும் இல்லை. மூக்குக்குத் துணி வேண்டும் என்று இருந்தது.

அப்புறம் பர்மனென்டுக்கான நிஜமான மெடிக்கல் வந்தது. டாக்டர் கண்ணைப் பார்த்தார், உயரம் அளந்தார், போகச் சொன்னார். நான் நகரவில்லை.

"சார், ஊத வேணாமா?"

"எதை?" என்றார்.